குரலிலிருந்து செவிக்கு: துருக்கியக் கவிஞர் நாஜிம் ஹிக்மத்தின் வாழ்வும் படைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நவீனத் துருக்கியக் கவிதையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் நாஜிம் ஹிக்மத் (1902–1963). மரபு யாப்பின் பிடியிலிருந்து துருக்கியக் கவிதையை விடுவித்தவர் என்ற முறையிலும், நீண்ட சிறைவாழ்வுக்கும் நாடிழப்புக்கும் ஆளானவர் என்ற முறையிலும் அவர் அறியப்படுகிறார். இவ்விரு செய்திகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்துள்ளன. அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளைக் கால அடைவில் எடுத்துரைக்கும் இக்கட்டுரை, வாழ்வின் ஒவ்வொரு கட்டமும் கவிதையின் வடிவத்தை எவ்வாறு மாற்றியது என்பதை ஆராய்கிறது. மேடையில் ஒலிக்கும் உரத்த குரலாகத் தொடங்கிய அவரது கவிதை, சிறையில் பிறர் வாழ்வை உற்றுக் கேட்கும் செவியாக வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நாஜிம் ஹிக்மத், துருக்கியக் கவிதை, யாப்பு, கட்டற்ற கவிதை, சிறை இலக்கியம், புலம்பெயர்வு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் துருக்கிய மொழி அடைந்த மாற்றங்கள் பல. பேரரசு மறைந்து 1923இல் குடியரசு தோன்றியது. 1928இல் அரபு எழுத்து நீங்கி இலத்தீன் எழுத்து வந்தது. அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்து தூய துருக்கியச் சொற்களை ஆளும் இயக்கம் 1930களில் அரசின் துணையோடு வலுப்பெற்றது. ஒரு தலைமுறைக்குள் எழுத்தும் சொல்லும் ஆட்சியும் மாறிய சூழலில் கவிதை மட்டும் பழைய நிலையில் நிற்க இயலவில்லை. அம்மாற்றத்தைக் கவிதையில் நிகழ்த்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நாஜிம் ஹிக்மத்.

அவருடைய கவிதைகள் உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளன. தமிழ் வாசகர்களும் மொழிபெயர்ப்புகளின் வழியே அவரை அறிவர். ஆயினும் புரட்சிக் கவிஞர், சிறைக் கவிஞர், காதற் கவிஞர் என்னும் அடைமொழிகளுள் ஒன்றைக்கொண்டே அவர் பெரிதும் சுட்டப்படுகிறார். ஒரே கவிஞரின் கவிதை எவ்வாறு இம்மூன்றாகவும் ஆயிற்று என்ற வினாவுக்கு அவர் வாழ்க்கை வரலாற்றில்தான் விடை தேட வேண்டியுள்ளது.

குடும்பமும் இளமையும்

நாஜிம் ஹிக்மத் பிறந்த ஊர் சாலோனிகா. அவர் பிறந்தபோது உதுமானியப் பேரரசின் துறைமுக நகராக விளங்கிய அவ்வூர், 1912இல் கிரேக்கத்தின் வசமாயிற்று. அவர் 1901 நவம்பரில் பிறந்தார் என்பர். எனினும் சில வாரங்களுக்காக ஓர் அகவை கூடுதலாகத் தோன்றலாகாது என்று குடும்பத்தார் 1902 சனவரி 15 என்ற நாளைப் பதிவு செய்தனர். அதுவே அவருடைய பிறந்தநாளாக நிலைத்தது.

தந்தை ஹிக்மத் பே பேரரசின் அலுவலர். தாய் ஜெலீலே ஹானிம் ஓவியர். பிரெஞ்சுப் பண்பாட்டில் தோய்ந்தவர். தந்தைவழிப் பாட்டனார் நாஜிம் பாஷா மாகாண ஆளுநராகப் பணியாற்றியவர். மெவ்லெவி சூஃபி நெறியில் ஈடுபாடு கொண்டு கவிதைகளும் இயற்றியவர். தாய்வழி முன்னோர்களுள் ஒருவர் போலந்து நாட்டிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவி, முஸ்தஃபா ஜெலாலெத்தின் பாஷா என்ற பெயருடன் உதுமானியப் படையில் உயர்ந்த கான்ஸ்டன்டி போர்ஜென்ட்ஸ்கி. இந்தப் போலந்துத் தொடர்பு, அரை நூற்றாண்டுக்குப் பின் நாடற்றவராக நின்ற கவிஞருக்கு ஒரு புகலாயிற்று.

பாட்டனாரின் இல்லத்தில் கேட்ட சூஃபிக் கவிதைகளும் தாயின் ஓவியப் பயிற்சியும் அவருடைய முதற்கல்வியாயின. பதினோராம் அகவையளவில் கவிதை எழுதத் தொடங்கிய அவர், 1917இல் ஹெய்பெலி தீவிலிருந்த கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக விளங்கிய பெருங்கவிஞர் யஹ்யா கெமால் இளைஞரின் கவிதையைத் திருத்திக்கொடுக்க, அது 1918இல் ‘யெனி மெஜ்முஆ’ என்னும் இதழில் வெளிவந்தது. பின்னர் நுரையீரல் உறையழற்சியால் உடல்நலம் குன்றியமையால் கடற்படையிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

அனத்தோலியாவும் மாஸ்கோவும்

முதல் உலகப்போரில் தோல்வியுற்ற உதுமானியப் பேரரசின் தலைநகரை நேசநாட்டுப் படைகள் கைப்பற்றியிருந்த காலம் அது. முஸ்தஃபா கெமாலின் தலைமையில் அனத்தோலியாவில் விடுதலைப்போர் மூண்டது. 1921 சனவரியில் நாஜிம் தம் நண்பர் வாலா நூரெத்தினுடன் இஸ்தான்புல்லிலிருந்து கப்பலேறிக் கருங்கடற்கரையிலுள்ள இனெபோலுவை அடைந்தார். அங்கிருந்து மலைவழியே அங்காராவுக்குச் சென்றார். பாஷாக்களின் இல்லத்தில் வளர்ந்த இளைஞர் அனத்தோலிய உழவரின் வறுமையைக் கண்ணுற்றது இப்பயணத்தில்தான். இனெபோலுவில் தங்கியிருந்தபோது செருமனியிலிருந்து திரும்பிய துருக்கிய இளைஞர் சிலரிடமிருந்து பொதுவுடைமைக் கருத்துகளைக் கேட்டறிந்தார். அங்காராவில் முஸ்தஃபா கெமாலைச் சந்தித்த பின், போலு என்னும் ஊரில் சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அங்கிருந்து பதூமி வழியாக மாஸ்கோவை நோக்கி அவர் சென்றபோது உருசியாவில் பெரும்பஞ்சம் நிலவியது. தொடர்வண்டியின் சாளரம் வழியே பசித்த மக்களின் கூட்டங்களைக் கண்டார். அக்காட்சியை எழுத முற்பட்டபோதுதான் யாப்புச் சிக்கல் அவர்முன் எழுந்தது. தாம் அறிந்த பழைய சந்தங்களுக்குள் அக்காட்சி அடங்க மறுத்தது. உருசிய இதழொன்றில் படிக்கட்டுகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக உடைத்து அச்சிடப்பட்டிருந்த கவிதை அவர் நினைவுக்கு வந்தது. உருசிய மொழி அறியாத நிலையில் பார்த்த கவிதை அது. பொருள் விளங்கும் முன்பே வடிவம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. அவ்வடிவத்தில் அவர் எழுதிய ‘பசித்தவர்களின் கண்மணிகள்’ என்னும் கவிதை, துருக்கியக் கட்டற்ற கவிதையின் தொடக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மாஸ்கோவில் கிழக்குநாட்டுத் தொழிலாளர்க்கான பொதுவுடைமைப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் கூடியிருந்த இடம் அது. மயகோவ்ஸ்கியின் கவிதையும் மேயர்ஹோல்டின் நாடகமும் அவரை ஈர்த்தன. கவிதை என்பது மௌனமாகப் படிக்கப்படுவது அன்று, கூட்டத்தின்முன் நிகழ்த்தப்படுவது என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது இக்காலத்தில்தான்.

யாப்பின் உடைவும் மேடைக் குரலும்

நாஜிம் செய்த மாற்றத்தின் அளவை உணரத் துருக்கிய யாப்பின் நிலையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். அரசவைக் கவிதையில் வழங்கியது ‘அரூஸ்’ என்னும் யாப்பு. அது நெடில், குறில் அசைகளின் ஒழுங்கில் அமைவது. அரபு, பாரசீக மொழிகளின் இயல்புக்கு உரியது. இயல்பான நெட்டுயிர் அரிதாகவே அமையும் துருக்கியச் சொற்கள் அதற்குள் வலிந்தே புகுத்தப்பட்டன. ஆகவே அரூஸ் யாப்பின் ஆட்சி அயற்சொற்களின் ஆட்சியாகவும் அமைந்தது. நாட்டுப்புறப் பாடலில் வழங்கியது ‘ஹெஜே’ என்னும் யாப்பு. அது அசைகளின் எண்ணிக்கையை மட்டுமே கணக்கிடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியக் கவிஞர்கள் ஹெஜே யாப்பையே முன்னிறுத்தினர். நாஜிமும் அதில்தான் பயின்றார்.

அவர் இரண்டையும் துறந்தார் எனினும் ஓசையைத் துறக்கவில்லை. இயைபு, மோனைபோன்ற ஒலியொப்புமை, துருக்கிய மொழிக்கே உரிய உயிரிசைவு ஆகியன அவர் கவிதையில் மேலும் அழுத்தம் பெற்றன. அடியின் நீளத்தைச் சந்தவாய்பாடு தீர்மானித்த இடத்தில் பேச்சின் மூச்சு தீர்மானித்தது. ‘இயந்திரமாதல்’ என்னும் கவிதையில் இயந்திரத்தின் இரைச்சலே ஒலிக்குறிப்புகளாக அடிகளை நடத்திச் செல்கிறது. அவ்வடிகள் கண்ணுக்கு உடைந்தனவாகத் தோன்றினும் காதுக்கு ஒழுங்குடையன.

1924இல் குடியரசுத் துருக்கிக்குத் திரும்பிய அவர் இடதுசாரி இதழ்ப்பணியில் ஈடுபட்டார். 1925இல் கிழக்கு மாகாணங்களில் மூண்ட ஷேக் சயீத் கிளர்ச்சியை அடுத்து அமைதிகாப்புச் சட்டம் நிறைவேறியது. இதழ்கள் பல முடக்கப்பட்டன. அவர் இல்லாத நிலையிலேயே அங்காரா நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மீண்டும் மாஸ்கோவுக்குச் சென்ற அவர், 1928இல் நாடு திரும்பும்போது எல்லையோர ஊரான ஹோபாவில் கைதாகிச் சில மாதங்களுக்குப்பின் விடுதலை பெற்றார். அவ்வாண்டில்தான் அவருடைய முதல் தொகுதி ‘கதிரவனைப் பருகுவோரின் பாடல்’ பாகூ நகரில் வெளியாகியிருந்தது.

துருக்கியில் அவருடைய முதல் நூலாகிய ‘835 அடிகள்’ 1929இல் வெளிவந்தது. புதிய எழுத்துச் சட்டம் நிறைவேறி ஓராண்டும் ஆகாத காலம் அது. புதிய எழுத்தில் புதிய கவிதை வந்தபோது வாசகர் வியப்புற்றனர். அதே ஆண்டில் ‘ரெசிம்லி ஆய்’ இதழில் முந்தைய தலைமுறைப் புலவர்களைத் தாக்கி ‘சிலைகளை உடைக்கிறோம்’ என்னும் தொடரையும் அவர் நடத்தினார். 1930இல் அவருடைய குரலிலேயே இரு கவிதைகள் இசைத்தட்டில் பதிவாயின. கவிஞரின் குரலும் கவிதையின் ஒரு கூறு என்று அன்றைய வாசகர் உணர்ந்திருந்தமைக்கு அது சான்று.

இக்காலத்தில் அவர் தம் நாட்டுக்கு வெளியேயும் கதைக்களங்களைத் தேடினார். இந்தியத் தொடர்பால் நம் கவனத்திற்குரியது 1932இல் வெளியான ‘பெனெர்ஜி ஏன் தற்கொலை செய்துகொண்டான்’ என்னும் நெடுங்கவிதை. கல்கத்தாவில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்க்கும் பானர்ஜி என்னும் இளைஞனே இதன் தலைவன். தன் தோழர்களாலேயே துரோகி என்று ஐயுறப்படுகிறவன். கல்கத்தாவை நேரிற் காணாத ஒரு துருக்கியக் கவிஞர் வங்காள இளைஞன் ஒருவனைக் காப்பியத் தலைவனாக்கியது, அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலையைத் தம் விடுதலையாகவே அவர் கருதியதைப் புலப்படுத்துகிறது. 1935இல் வெளியான ‘தரந்தா பாபுவுக்குக் கடிதங்கள்’, உரோமில் வாழும் எத்தியோப்பிய இளைஞன் தன் மனைவிக்கு எழுதும் மடல்களாக அமைந்தது. முசோலினியின் பாசிசத்தையும் எத்தியோப்பியப் படையெடுப்பையும் அது கண்டித்தது.

இக்கட்டத்தின் உச்சம் 1936இல் வெளியான ‘சிமாவ்னா காதியின் மகன் ஷேக் பெத்ரெத்தின் காப்பியம்’. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலமும் விளைவும் பொதுவாதல் வேண்டும் என்ற நெறியில் உதுமானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியே இதன் பொருள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு ஷேக் பெத்ரெத்தின் செர்ரெஸ் நகரில் தூக்கிலிடப்பட்டார். 1933–34இல் புர்சா சிறையில் இருந்தபோது இறையியற் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுநூலைப் படிக்க நேர்ந்ததே இக்காப்பியத்திற்குத் தூண்டுகோலாயிற்று. நூலும் அவ்வாசிப்பிலிருந்தே தொடங்குகிறது. உரைநடை, நாட்டுப்புறப் பாடலின் நடை, அரசவைக் கவிதையின் ஓசை, கட்டற்ற அடி ஆகிய நான்கும் இதில் இணைகின்றன. ஏழாண்டுகளுக்கு முன் சிலைகளை உடைக்கப் புறப்பட்டவர், மரபின் குரல்களை மீண்டும் அழைத்துக்கொண்டார் என்பது நோக்கத்தக்கது. கவிஞர் உயிருடன் இருந்தவரை துருக்கியில் வெளிவந்த அவருடைய கடைசிக் கவிதைநூல் இதுவே.

1938: இரு வழக்குகள்

1935இல் பிராயேவை மணந்த நாஜிம், திரைப்பட நிலையத்தில் கதை எழுதியும் புனைபெயரில் நாளிதழ்ப் பத்திகள் எழுதியும் குடும்பம் நடத்திவந்தார். 1938 சனவரியில் அவர் கைது செய்யப்பட்டார். படைக்கல்லூரி மாணவர் சிலரிடம் அவருடைய நூல்கள் இருந்தமையைக் கொண்டு, படையினரைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. அந்நூல்கள் கடைகளில் தடையின்றி விற்பனையானவை. படைநீதிமன்றம் 15 ஆண்டுத் தண்டனை விதித்தது. அதனை அடுத்துக் கடற்படை தொடர்பான இரண்டாம் வழக்கு ‘எர்கின்’ என்னும் கப்பலில் நடைபெற்றது. அதில் 20 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. இரண்டும் இணைக்கப்பட்டு 28 ஆண்டு 4 மாதம் எனக் கணக்கிடப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 36.

தண்டனையின் மற்றொரு பகுதி சட்டத்தில் எழுதப்படாதது. அதன்பின் ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவர் பெயர் தாங்கிய நூல் எதுவும் துருக்கியில் வெளிவரவில்லை. கேட்போரை நம்பி வளர்ந்த கவிதை கேட்போரை இழந்தது. இவ்விழப்பை அவர் எதிர்கொண்ட முறையிலேயே அவருடைய கவிதையின் இரண்டாம் பிறப்பு அடங்கியுள்ளது.

சிறையும் செவியும்

இஸ்தான்புல், சங்கிரி ஆகிய ஊர்களின் சிறைகளுக்குப்பின் 1940 இறுதியில் புர்சா சிறைக்கு அவர் மாற்றப்பட்டார். 1950 வரை பெரும்பாலும் அங்கேயே இருந்தார். அச்சிறையில் இருந்தவர்களுள் பலர் அனத்தோலிய உழவர். நிலத் தகராறு, குருதிப்பழி, களவு, வறுமை ஆகியவற்றால் சிறை புகுந்தவர்கள். அவர்களுக்காக நாஜிம் கடிதங்கள் எழுதினார்; அவர்களோடு தறி நெய்து பொருளீட்டினார்; ஓவியம் வரைந்தார்; அவர்களுடைய கதைகளைக் கேட்டார்.

சிறை ஒரு பள்ளியாகவும் மாறியது. கவிதை எழுதிவந்த இளங்கைதி ஒருவரிடம் உரைநடையே அவருக்குரிய துறை என்று நாஜிம் எடுத்துரைத்து அவ்வழியில் ஆற்றுப்படுத்தினார். அவரே பின்னாளில் துருக்கிய நாவலின் முதன்மையாளருள் ஒருவரான ஒர்ஹான் கெமால். தொடக்கக் கல்வி மட்டுமே பெற்றிருந்த இப்ராஹிம் பலபான் என்னும் சிற்றூர் இளைஞருக்கு வண்ணங்களையும் தூரிகையையும் அளித்துப் பயிற்றினார். அவரும் புகழ்மிக்க ஓவியரானார். சங்கிரியில் உடனிருந்த நாவலாசிரியர் கெமால் தாஹிருக்கு நாஜிம் பின்னர் எழுதிய மடல்கள் அவருடைய கவிதைக் கொள்கையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாகும். தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலைத் துருக்கியில் பெயர்க்கும் பணியிலும் அவர் பங்கேற்றார். நூல் வெளிவந்தபோது உடன் மொழிபெயர்த்த ஜெகி பாஷ்திமாரின் பெயர் மட்டுமே அதில் இடம்பெற்றது.

1941இல் அவர் தொடங்கிய ‘என் நாட்டு மனிதக் காட்சிகள்’ என்னும் பெருங்காப்பியம் இக்கேட்டலின் விளைவு. தொடக்கத்தில் புகழ்பெற்ற மனிதரின் கலைக்களஞ்சியம் ஒன்றை எழுதுவதாக அவர் திட்டமிட்டார். அதில் புகழ்பெற்றோராக இடம்பெறவிருந்தவர்கள் தொழிலாளர், உழவர், கைவினைஞர் ஆகியோர். அத்திட்டமே விரிந்து காப்பியமாயிற்று. 1941ஆம் ஆண்டு இளவேனிலில் இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா தொடர்வண்டி நிலையப் படிகளில் காப்பியம் தொடங்குகிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கைதிகளும் காவலரும் உழவரும் தொழிலாளரும் பயணம் செய்கின்றனர். பின்னர் செல்வர் பயணம் செய்யும் விரைவு வண்டியும் காட்டப்படுகிறது. வண்டி அனத்தோலியாவின் ஊடே செல்லச் செல்ல ஒவ்வொருவரின் வாழ்வும் விரிகிறது. ஏறத்தாழ 17,000 அடிகளில் ஒரு நாட்டின் நாற்பதாண்டு வரலாறு அதன் எளிய மாந்தரின் நினைவுகளாகவே சொல்லப்படுகிறது.

இதன் வடிவம் முந்தைய நூல்களிலிருந்து பெரிதும் வேறுபட்டது. படிக்கட்டு அடிகள் குறைகின்றன, முழக்கம் தணிகிறது. உரையாடலும் செய்தியும் நினைவோட்டமும் உரைநடையை ஒட்டிய அடிகளில் ஓடுகின்றன. திரைப்படக் காட்சிபோல ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குக் கவிதை நகர்கிறது. திரைப்பட நிலையத்தில் அவர் பெற்ற பட்டறிவு இங்குப் பயன்பட்டது எனக் கொள்ளலாம். விடுதலைப்போரைப் பாடும் ‘தேசியப் படைகள்’ காப்பியமும் இதனுள் இடம்பெறுகிறது. அதனை மேடையில் ஒரு கவிஞர் முழங்குவதில்லை. வண்டியின் உணவுப்பெட்டியில் பணியாளர்கள் தமக்குள் படித்துக் கேட்கின்றனர். தம் கவிதை எங்கே சென்று சேர வேண்டும் என்ற கவிஞரின் விழைவு இவ்வமைப்பில் புலனாகிறது.

இக்காலத்திலேயே பிராயேவுக்கு எழுதிய ‘மணி 21–22 கவிதைகள்’ தோன்றின. இரவு ஒன்பது மணி முதல் பத்து மணி வரையிலான ஒரு மணி நேரத்தை மனைவியின் நினைவுக்கென ஒதுக்கி, 1945இல் எழுதப்பட்டவை இவை. வானிலை, போர்ச்செய்தி, காய்கனி, குளிர் என அன்றாடச் செய்திகளே இவற்றின் பொருள். ஒருவர் மட்டும் கேட்பதற்காக எழுதப்பட்ட இக்கவிதைகளில் குரல் மிகத் தாழ்ந்துள்ளது. கூட்டத்துக்காக எழுதிய கவிஞர் ஒருவருக்காக எழுதக் கற்றுக்கொண்டமை சிறையின் மற்றொரு விளைவாகும்.

விடுதலை இயக்கமும் வெளியேற்றமும்

1949இல் வழக்கறிஞர் மெஹ்மெத் அலி செபூக் வழக்கின் பிழைகளை நாளிதழில் தொடராக எழுதி வெளிக்கொணர்ந்தார். பாரிசில் கவிஞர் திரிஸ்தான் ட்ஸாரா முதலியோர் விடுதலைக் குழு அமைத்தனர். 1950 ஏப்ரல் 8இல் நாஜிம் உண்ணாநோன்பு தொடங்கினார். இடையில் நிறுத்தி மே 2இல் மீண்டும் மேற்கொண்டார். பார்வை மங்கிய தாய் ஜெலீலே ஹானிம் கலாத்தா பாலத்தில் நின்று மக்களிடம் கையொப்பம் திரட்டினார். ஒர்ஹான் வெலி, ஒக்தாய் ரிஃபாத், மெலிஹ் ஜெவ்தெத் ஆகிய மூன்று கவிஞர்களும் ஆதரவாக மூன்று நாள் உண்ணாதிருந்தனர். அம்மூவரும் நாஜிமின் முழக்க நடையிலிருந்து விலகி வேறொரு கவிதை நெறியைத் தோற்றுவித்தவர்கள். கவிதைக் கொள்கையில் மாறுபட்டோர் கவிஞரின் உயிருக்காக ஒன்றுபட்டமை துருக்கிய இலக்கிய வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சி. மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. பொதுமன்னிப்புச் சட்டத்தின்படி 1950 சூலை 15இல் அவர் விடுதலையானார். உலக அமைதி மன்றத்தின் பன்னாட்டு அமைதிப் பரிசு அவ்வாண்டிலேயே பிக்காசோ, பால் ராப்சன், பாப்லோ நெருடா ஆகியோருடன் அவருக்கும் வழங்கப்பட்டது.

விடுதலை அமைதியைத் தரவில்லை. சிறையின் இறுதிக் காலத்தில் முனெவ்வர் அந்தாச் மீது அவர் கொண்ட காதலால் பிராயேவுடனான மணவாழ்வு முறிந்தது. 1951 மார்ச்சில் முனெவ்வருக்கு மகன் மெஹ்மெத் பிறந்தான். அவ்வேளையில், உடற்குறைவால் முன்பே கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தவரும் நெஞ்சுநோயாளியுமான நாஜிமுக்கு 49ஆம் அகவையில் கட்டாயப் படைப்பணிக்கான அழைப்பு வந்தது. உயிருக்கு ஊறு நேரும் என்று அஞ்சிய அவர், 1951 சூன் 17இல் இளம் நாடகாசிரியர் ரெஃபிக் எர்துரான் செலுத்திய விசைப்படகில் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து கருங்கடலை அடைந்தார். அங்கு எதிர்ப்பட்ட உருமேனியக் கப்பலில் ஏறிப் புக்காரெஸ்டு சென்று மாஸ்கோவை அடைந்தார். சூலை 25இல் துருக்கிய அமைச்சரவை அவருடைய குடியுரிமையைப் பறித்தது.

நாடற்ற ஆண்டுகள்

மாஸ்கோ அவரைப் பெருமையுடன் வரவேற்றது. ஆயினும் அவர் இளமையில் கண்ட மாஸ்கோ மறைந்திருந்தது. அவருக்கு நாடகத்தின் சுவையை ஊட்டிய மேயர்ஹோல்டின் அரங்கு 1938இல் மூடப்பட்டிருந்தது. மேயர்ஹோல்டே 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஸ்டாலின் காலச் சோவியத்து நாட்டைப் போற்றிய கவிதைகளையும் நாஜிம் எழுதினார் என்பதை மறைப்பதற்கில்லை. துருக்கிய அரசின் அடக்குமுறையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், தமக்குப் புகல் தந்த நாட்டின் அடக்குமுறையை உணர்ந்து எழுதக் காலம் பிடித்தது. ஸ்டாலின் மறைவுக்குப்பின் அவர் எழுதிய ‘இவான் இவானோவிச் இருந்தானா இல்லையா’ என்னும் நாடகம், தனிமனித வழிபாட்டையும் அலுவலர் ஆட்சியையும் எள்ளியது. 1957இல் மாஸ்கோவில் அரங்கேறிய அந்நாடகம் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. 1961இல் ஸ்டாலினின் சிலைகள் அகற்றப்பட்டதைப் பொருளாகக்கொண்டு கவிதையும் எழுதினார்.

தாய்வழி முன்னோரின் தொடர்பால் போலந்துக் குடியுரிமை பெற்று, போர்ஜென்ட்ஸ்கி என்னும் குடும்பப்பெயரைத் தம் ஆவணங்களில் ஏற்றார். நாடுகள் பலவற்றுக்கும் பயணம் செய்தார். 1961இல் கியூபாவையும் 1963இல் தங்கனீக்காவையும் கண்டார். ஹிரோசிமாவில் மாண்ட சிறுமியின் கூற்றாக 1956இல் அவர் எழுதிய கவிதை பல மொழிகளில் இசைப்பாடலாயிற்று. அவருடைய நாடகத்தை அடியொற்றி ஆரிஃப் மெலிகோவ் இசையமைத்த ‘காதலின் கதை’ என்னும் பாலே 1961இல் லெனின்கிராடில் அரங்கேறியது.

முனெவ்வரும் மகனும் காவல்துறையின் கண்காணிப்பில் இஸ்தான்புல்லிலேயே பத்தாண்டு தங்க நேர்ந்தது. 1961இல் அவர்கள் தப்பிப் போலந்தை அடைந்தபோது, நாஜிம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே வேரா துல்யகோவாவை மணந்திருந்தார். சிறைவாயிலில் காத்திருந்த பிராயேவும் நாட்டில் காத்திருந்த முனெவ்வரும் அவருடைய கவிதைகளில் அழியாப் புகழ் பெற்றனர். அவர்களுடைய காத்திருப்புக்கு வாழ்வில் உரிய ஈடு கிடைக்கவில்லை. அவருடைய காதற்கவிதைகளைப் போற்றும் ஆய்வுகள் இதனையும் கருத்திற் கொள்ளுதல் தகும்.

வேராவை முன்னிறுத்தி 1961இல் எழுதப்பட்ட ‘வைக்கோல் மஞ்சள்’ இறுதிக் கட்டத்தின் சிறந்த படைப்பு. நிறுத்தக்குறிகள் அருகி, நகரங்களும் தொடர்வண்டிகளும் விடுதியறைகளும் ஒன்றோடொன்று கலந்து ஓடும் நெடிய அடிகளால் ஆனது அது. மேடையின் முழக்கமும் சிறையின் தாழ்குரலும் இதில் இல்லை. தங்குமிடமற்ற ஒருவரின் இடையறாத நகர்வே அடியின் நடையாகியுள்ளது. இளமை நினைவுகளை அடியொற்றிய ‘வாழ்வு இனியது, தோழா’ என்னும் நாவலும் இறுதி ஆண்டுகளில் எழுதப்பட்டதே. பன்னிரண்டாண்டுப் புலம்பெயர் வாழ்வில் அவர் கவிதை எழுதிய மொழி துருக்கியமே. அவற்றை உருசியரும் பிரெஞ்சுக்காரரும் உடனுக்குடன் படித்தனர். அம்மொழிக்குரியவர்கள் படிக்க இயலவில்லை.

மறைவும் மீட்சியும்

1963 சூன் 3ஆம் நாள் காலையில் மாஸ்கோ இல்லத்தின் வாயிலில் நாளிதழை எடுக்கச் சென்றபோது மாரடைப்பால் நாஜிம் ஹிக்மத் காலமானார். நோவோதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். காற்றை எதிர்த்து நடக்கும் அவருடைய உருவம் பொறித்த கருங்கல் அவ்விடத்தில் நிற்கிறது. அனத்தோலியச் சிற்றூர் ஒன்றின் இடுகாட்டில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று 1953இல் எழுதிய ‘இறுதி விருப்பம்’ என்னும் கவிதையில் அவர் வேண்டியிருந்தார். அது நிறைவேறவில்லை.

1965 முதல் அவருடைய நூல்கள் துருக்கியில் மீண்டும் அச்சாயின. ‘என் நாட்டு மனிதக் காட்சிகள்’ 1966–67இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதனைப் பதிப்பித்த திறனாய்வாளர் மெமெத் ஃபுவாத், பிராயேவின் முதல் மணத்தில் பிறந்த மகன். குடியுரிமையைப் பறித்த 1951ஆம் ஆண்டு ஆணையைத் துருக்கிய அமைச்சரவை 2009 சனவரியில் நீக்கியது. அப்போது கவிஞர் மறைந்து 45 ஆண்டுகள் கடந்திருந்தன.

முடிவுரை

நாஜிம் ஹிக்மத்தின் வாழ்வையும் படைப்பையும் ஒருசேர நோக்குமிடத்துப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அவருடைய யாப்பு மாற்றம் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த ஒன்றன்று. 1920களில் கூட்டத்தை நோக்கிய குரலுக்கேற்பப் படிக்கட்டு அடி தோன்றியது. 1940களில் சிறையில் கேட்ட மாந்தரின் பேச்சுக்கேற்ப உரைநடையை ஒட்டிய அடி அமைந்தது. 1960களில் அலைந்துழன்ற வாழ்வுக்கேற்ப நெடிய ஓட்டமுடைய அடி உருவாயிற்று. கேட்போர் யார் என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் அடியின் அமைப்பைத் தீர்மானித்துள்ளது.

பெத்ரெத்தின் காப்பியம் இம்மாற்றத்தின் கணுவாக நிற்கிறது. மரபின் ஓசைகளையும் பிறர் குரல்களையும் தம் கவிதைக்குள் அனுமதிக்கும் போக்கு அதில்தான் தொடங்குகிறது. ஆகவே அவருடைய பெருங்காப்பியத்தைச் சிறை தந்த கொடை என்று கூறுதல் பொருந்தாது. பிறரைக் கேட்கும் ஆற்றலை அவர் முன்பே பெறத் தொடங்கியிருந்தார். சிறை அதற்குப் பெருவிலை கேட்டது.

நாடு அவருடைய குடியுரிமையை நீக்கியபோதும் அவர் அந்நாட்டின் மொழியை நீங்கவில்லை. அவர் பாடிய உழவரும் தொழிலாளரும் அவர் உயிருடன் இருந்தபோது அப்பாடலைப் படிக்க இயலாமற் போனமை அவர் வாழ்வின் பேரிழப்பு. உணவுப்பெட்டிப் பணியாளர்கள் தம் கவிதையைப் படித்துக் கேட்கும் காட்சியைக் காப்பியத்துள் அமைத்த கவிஞருக்கு, அக்காட்சி தம் நாட்டில் மெய்யாவதைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை.